எல்லாம் உள்ளேயே இருக்குதுங்க

சேலம், நாமக்கல் பக்கம் இன்றைக்கு சர்வரைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அது மும்பையில் எங்கோ இருக்கிறது, மாதம் பிறந்தால் கார்டிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்கிறது என்பதற்கு மேல் முதலாளிகளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் சர்வரைப் பார்க்கச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கண்ணாடித் தடுப்பு வைத்த சின்ன அறை. முதலாளி அறைக்கு அடுத்தபடி ஏசி ஓடிய ஒரே இடம் அதுதான் என்பதால் சித்திரை வெயிலில் கணக்குப்பிள்ளைகள் சோற்று டப்பாவோடு அங்கே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். சர்வருக்கு ரசத்தின் வாசம் பழகிப்போயிருந்தது. ஆயுத பூஜையன்று பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். யுபிஎஸ் தலையில் பொரிகடலைத் தட்டு. காற்றுப் போகிற ஓட்டையாகப் பார்த்துப் பொட்டு வைத்துவிடப் போகிறார்களே என்று நான் பக்கத்திலேயே நிற்பேன். இப்போது கும்பிடுவதற்கு ஒன்றும் இல்லை. போன வருஷம் ஒரு லாரி ஆபீசில் வைஃபை ரூட்டருக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். அதற்காவது கிடைத்ததே.

2000-களின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் வேலையில் பாதி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற வேலை. சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஏறினால் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் ஆபீஸ், சங்ககிரியில் லாரி ஆபீஸ், ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி ஆலை, நாமக்கல்லில் கோழித் தீவன மில். 1997 பிறந்தபோதே நாமக்கல் தனி மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் கம்ப்யூட்டர் படுத்தால் போன் சேலத்துக்குத்தான் வரும். பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கிரிம்பிங் டூல், சிடி பவுச். கிளம்பும்போதே வீட்டில் "ராத்திரிக்கு வருவீங்களா" என்று கேட்டு வைத்துக்கொள்வார்கள்.

லினக்ஸை இந்த ஊர் முதலாளிகள் கொள்கைக்காக எடுக்கவில்லை. விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் விலையைக் கேட்ட பிறகு எடுத்தார்கள். அதிலும் சிக்கல் உண்டு. காசு இல்லை என்று சொன்னதும் முகம் மாறும்.

"ஓசியாங்க?"

"ஆமாங்க."

"அப்பப் பழசா?"

பழசு இல்லை, புதுசுதான், உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதுகிறார்கள் என்று விளக்கினால், அவர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்ற அடுத்த கேள்வி வரும். ஐம்பது லாரிக்கு டீசல் கணக்குப் பார்க்கிறவரிடம் அதற்குப் பதில் சொல்லி முடிக்க முடியாது. கடைசியில் சாப்ட்வேர் இலவசம், போட்டுக் கொடுப்பதற்கு மட்டும் என் கூலி என்று முடிப்பேன். அது அவர்களுக்குச் சட்டென்று புரியும்.

போட்டுக் கொடுப்பதற்குச் சிடி வேண்டுமே. டயல்-அப்பில் 600 எம்பி இறக்குவது நடக்கிற காரியமில்லை. பத்திரிகைகளோடு ஒட்டி வரும் சிடிக்காக பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடையில் சொல்லி வைத்திருப்போம். 2003-ல் வந்த ரெட் ஹேட் லினக்ஸ் 9 மூன்று சிடி. முதல் சிடி ஓடும், இரண்டாவது ஓடும், மூன்றாவது சிடியில் டிரைவ் கரகரவென்று இழுக்க ஆரம்பிக்கும். அதை எடுத்து வேட்டித் துணியில் துடைத்துத் திரும்பப் போட்டால் சில நேரம் மனம் இரங்கும். பிறகு உபுண்டு வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கனோனிக்கல் நிறுவனம் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பியது. நெதர்லாந்து தபால் முத்திரையோடு கவர் வரும். எங்கள் தபால்காரர் எனக்கு ஐரோப்பாவில் பெண் பார்க்கிறார்கள் என்றே கொஞ்ச நாள் நம்பினார். 2011-ல் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அப்போது எனக்குக் கல்யாணமாகி வெகு நாளாகியிருந்தது.

அரசாங்கமும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த காலம் அது. 2007-ஐ ஒட்டி தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார்கள். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்களா என்பது வேறு கதை. ஆனால் அந்த மடிக்கணினியைத் திறந்து பார்த்த ஒரு பிள்ளைதான் இந்தக் கட்டுரைக்குள் வரப்போகிறான்.

அதற்கு முன்னால் டிபென்டன்சி பற்றிச் சொல்ல வேண்டும். தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். ஒரு புரோகிராமைப் போடப் போனால், அது இன்னொரு லைப்ரரி வேண்டும் என்று கேட்கும். அதைத் தேடிக் கொண்டுவந்தால் அது வேறு ஒன்றின் புது வெர்ஷனைக் கேட்கும். அதை மாற்றினால் நேற்று வரை ஓடிய பில் சாப்ட்வேர் நின்றுபோகும். இணையம் சேலம் ஐந்து ரோட்டு பிரவுசிங் சென்டரில் இருக்கும், மெஷின் திருச்செங்கோட்டில் இருக்கும். நடுவில் பஸ். ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு போனால் அங்கே அது திறக்காது. "நேத்து வரைக்கும் ஓடிட்டிருந்ததுங்களே" என்று முதலாளி சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டே இந்தப் பக்கத்து சர்வீஸ் ஆட்கள் பலருக்குத் தலை நரைத்தது.

இதற்கு மருந்தாகத்தான் கன்டெய்னர் வந்தது. புரோகிராமையும் அது கேட்கிற அத்தனை லைப்ரரியையும் ஒரே கட்டாகக் கட்டி, பக்கத்துப் புரோகிராமின் கண்ணில் படாமல் ஓட்டுவது. யோசனை பழசு. 1979-லேயே யூனிக்ஸில் சிரூட் என்று ஒரு வசதி வந்தது, ஒரு புரோகிராமுக்கு இதுதான் உன் உலகம் என்று ஒரு ஃபோல்டரைக் காட்டி ஏமாற்றுகிற வேலை. 2006-ல் கூகுளில் பால் மெனேஜ், ரோஹித் சேத் ஆகியோர், எந்தப் புரோகிராம் எவ்வளவு மெமரி தின்னலாம் என்று அளவு வைக்கும் வேலையைத் தொடங்கினார்கள். 2008-ல் அது லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்தது. இவற்றையெல்லாம் சாமானியன் தொடும்படி கட்டிக் கொடுத்தவர் சாலமன் ஹைக்ஸ். 2013 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில் ஐந்து நிமிஷப் பேச்சில் அவர் காட்டியதுதான் டாக்கர்.

நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்க எனக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை. கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸ் வரும், பாடி நம் ஊரில் கட்டுவார்கள். கெர்னல்தான் சேஸிஸ். முன்பு ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி வண்டி வாங்கினோம். இப்போது ஒரே சேஸிஸ் மேல் டேங்கர் பாடியும் முட்டை பாடியும் ஒன்றுக்கொன்று தெரியாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஆர்டிஓ ஒத்துக்கொள்ள மாட்டார், லினக்ஸ் ஒத்துக்கொள்கிறது. டாக்கரின் சின்னத்தில் திமிங்கிலம் பெட்டிகளைச் சுமந்துகொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். கப்பலுக்குப் பெட்டி கொண்டுவந்த மால்கம் மெக்லீன் லாரி ஓட்டிப் பிழைப்பைத் தொடங்கியவர். 1956 ஏப்ரல் 26-ல் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளோடு முதல் கப்பலை அனுப்பினார். லாரிக்காரர் மூளையில் உதித்தது என்று சொன்னால் சங்ககிரியில் டீ காசு வாங்க மாட்டார்கள்.

இனி அந்தப் பிள்ளை. என் அக்கா மகன். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குச் சேலத்து வீட்டு மாடியிலிருந்தே வேலை பார்க்கிறான். ராசிபுரத்தைத் தாண்டி ஒரு தீவன மில்லில் பழைய சர்வரை மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டபோது அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்தது சென்ட் ஓஎஸ் 6. கெர்னல் 2.6.32. டாக்கருக்கு 3.10-க்குக் குறையாமல் வேண்டும். ஆகவே முதலில் மெஷினையே துடைத்து உபுண்டு போட்டான். பென் டிரைவில். வேட்டித் துணிக்கு வேலையே இல்லை.

"எவ்வளவு நேரம் ஆகும் கண்ணு?"

"அஞ்சு நிமிஷம் மாமா. எல்லாம் உள்ளேயே இருக்குது."

பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்கரைப் போடுவதற்கான வழிகாட்டியில் முதல் வேலை டாக்கரை நீக்குவது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. காரணம் உண்டு. டெபியன் குடும்பத்தில் டாக்கர் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு பொட்டலம் இருந்தது, திரையின் மூலையில் ஐகான்களை ஒதுக்கி வைக்கும் சின்னப் புரோகிராம். அதனால் நிஜ டாக்கர் அங்கே டாக்கர்.ஐஓ என்ற பெயரில் நுழைய வேண்டியதாயிற்று. கம்பெனிக்காரர்கள் நேரடியாகத் தருவது டாக்கர்-சிஇ. அவசரத்தில் வெறும் டாக்கர் என்று அடித்து ஐகான் பெட்டியைப் போட்டுவிட்டு, கன்டெய்னர் எங்கே என்று தேடியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். ரெட் ஹேட் பக்கம் கதை இன்னும் சுவாரசியம். 2019-ல் வந்த எட்டாம் பதிப்பில் டாக்கரை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் பாட்மேனை வைத்தார்கள். ஒரு சின்னப் பொட்டலத்தைச் சேர்த்துக்கொண்டால், நீங்கள் டாக்கர் என்று கூப்பிடும்போது பாட்மேன் வந்து பதில் சொல்லும்.

பழசை நீக்கினான். கம்பெனியின் சாவியை இறக்கினான், கிடங்கின் முகவரியைச் சேர்த்தான், ஐந்து பொட்டலத்தை ஒரே வரியில் கேட்டான். டிபென்டன்சி என்ற பேச்சே எழவில்லை. கடைசியில் ஹலோ வேர்ல்டு என்று ஒரு குட்டி இமேஜ், அதாவது ஓட்டத் தயாராகக் கட்டி வைத்த கட்டு. அது வந்து, எல்லாம் சரியாக வேலை செய்வது போலத் தெரிகிறது என்றது. அடித்துச் சொல்லவில்லை. அனுபவஸ்தன் எழுதியிருப்பான்.

சுடோ போடாமல் டாக்கரை ஓட்டுவதற்காகக் கணக்குப்பிள்ளையின் லாகினை டாக்கர் குழுவில் சேர்க்கப் போனான். அங்கேதான் தடுத்தேன். அந்தக் குழுவில் இருப்பவர் கைக்கு மெஷினையே ஆளும் ரூட் அதிகாரமே போய்விடுகிறது. வழிகாட்டியிலேயே எச்சரிக்கை இருக்கிறது, யாரும் நின்று படிப்பதில்லை. அதே போல ஃபயர்வால். உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூவில் கதவை மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். டாக்கர் ஒரு போர்ட்டை வெளியே திறந்தால் ஐபிடேபிள்ஸில் தனக்கென்று தனி வழி போட்டுக்கொள்ளும், அந்தப் பூட்டை அது பார்ப்பதே இல்லை. 2017 ஜனவரியில் பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த மோங்கோடிபி டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, பணம் கேட்டு மிரட்டல் வைக்கப்பட்டது. அவையெல்லாம் டாக்கரால் திறந்தவை அல்ல. ஆனால் திறந்த கதவுக்கு எவ்வளவு சீக்கிரம் ஆள் வருகிறார்கள் என்று அதில் தெரிந்தது. எங்கள் டேட்டாபேஸ் போர்ட்டை அந்த மெஷினுக்குள் மட்டும் கட்டிப்போட்டோம்.

அஞ்சு நிமிஷம் என்றவன் வார்த்தை தவறவில்லை. எனக்கே கொஞ்சம் பொறாமை. பேன்ட்டைத் தட்டிக்கொண்டு எழுந்தான். அப்போது எடைமேடையில் ஒரு வண்டி ஏறியது.

தாவணகெரேயிலிருந்து மக்காச்சோளம் ஏற்றி வந்த பன்னிரண்டு சக்கரம். எடைமேடைக் கேபினில் சிவப்பு எண் எரிகிறது. கம்ப்யூட்டர் திரையில் எடைக்கட்டம் சுழி காட்டுகிறது. எடைக்கருவியிலிருந்து வரும் சீரியல் ஒயர் கன்வெர்ட்டர் வழியாக யுஎஸ்பியில் செருகியிருக்கிறது, பச்சை விளக்கும் மினுக்குகிறது. ஆனால் புரோகிராம் இருப்பது கன்டெய்னருக்குள். அதன் உலகத்தில் அப்படியொரு ஒயரே கிடையாது. அந்தக் காலத்தில் நான் லினக்ஸ் போட்ட மெஷின்களில் அந்தப் போர்ட்டை ஒரே ஒரு கட்டளையில் திறந்து பார்த்தால் எண்கள் வரிசையாக ஓடும், லாரி அசைவது கூடத் தெரியும். இங்கே கன்டெய்னரை ஓட்டும்போதே இந்தச் சாதனத்தையும் உள்ளே கொடு என்று தனியாக எழுத வேண்டும். எழுதினான். எடை வந்தது. அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போய் வந்தது. கன்வெர்ட்டர் திரும்ப எழுந்தபோது யுஎஸ்பி-0 என்ற பெயரை விட்டுவிட்டு யுஎஸ்பி-1 என்று எழுந்தது. கன்டெய்னர் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

டிரைவர் இறங்கி வந்தார்.

"ஏனுங்க, எடை போடுவீங்களா, இல்ல வண்டியைத் திருப்பிக்கட்டுங்களா?"

எடைமேடைப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து கார்பன் வைத்த பில் புத்தகத்தை எடுத்து, சிவப்பு எண்ணைப் பார்த்து எழுதி, கிழித்துக் கொடுத்தார். வண்டி இறங்கியது. அந்தப் புத்தகம் என் முதல் சர்வர் காலத்திலிருந்து அங்கே இருக்கிறது. எந்தப் பெயரில் எழுந்தாலும் மாறாதபடி கன்வெர்ட்டருக்கு நிரந்தரப் பெயர் வைக்க யுடெவ் விதி ஒன்று எழுதி, வேலை முடியும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

அடுத்த சிக்கல் நேரம். இந்த வேடிக்கை நடந்தது முட்டை லோடு அனுப்பும் ஓர் ஆபீசில், அங்கேயும் அக்கா மகன் கைங்கரியம்தான். கன்டெய்னர் பிறக்கும்போதே கிரீன்விச்சை ஒட்டிய யுடிசி நேரத்தில் பிறக்கிறது. நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். அதிகாலை நான்கு மணிக்கு நாமக்கல்லில் கிளம்பும் முட்டை வண்டிக்கு டிரிப் ஷீட்டில் முந்தின நாள் ராத்திரி பத்தரை என்று விழும். தேதியே மாறிவிடும். டிரைவர் பேட்டாவோ நாள் கணக்கு. போகிற டிரிப்புக்கெல்லாம் ஒரு நாள் படி கூடுதலாக வந்தது. அந்த ஆபீஸ் டிரைவர்கள் புது சாப்ட்வேரை வாயாரப் புகழ்ந்தார்கள். இத்தனை நல்ல சாப்ட்வேர் இதுவரை வந்ததில்லை என்று ஒருவர் என்னிடமே சொன்னார். மாதக் கடைசியில் முதலாளி கூட்டிப் பார்க்கும் வரை அதற்கு எதிராக ஒரு குரல் எழவில்லை.

"ஏசியா பை கொல்கத்தான்னு போட்டிருக்கேனே மாமா" என்றான். போட்டிருந்தான். ஆனால் அவன் எடுத்தது ஆல்பைன் இமேஜ். இடம் மிச்சம் பிடிப்பதற்காக ஐந்து எம்பி அளவுக்குச் சுருக்கியது. அதில் உலக நேரப் பட்டியலே கிடையாது, தனியாகப் போட வேண்டும். கொல்கத்தா எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் சண்டை போடாமல், சத்தம் இல்லாமல் யுடிசியிலேயே ஓடும். பழைய ரெட் ஹேட் இன்ஸ்டாலரில் உலக வரைபடம் விரியும், நம் நாட்டைத் தேடி மவுசால் குத்த வேண்டும். எனக்கு அது அப்போது எரிச்சல்.

மூன்றாவது தமிழ். வாட்சாப்பில் பண்ணைக்காரர்களுக்குப் போகும் பில்லில் பெயர் தமிழில் வர வேண்டும். போனது வரிசையாகக் கட்டம். வெறும் கட்டம். இமேஜுக்குள் தமிழ் எழுத்துரு இல்லை. ஒரு பண்ணைக்காரர் போன் போட்டு, "என்னங்க, ஜாதகம் அனுப்பிச்சிருக்கீங்க" என்றார். எனக்குச் சிரிப்பைவிட ஞாபகம்தான் வந்தது. 1999-ல் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்து டாம், டாப் என்று எழுத்துத் தரம் வகுத்த பிறகும், எங்கள் ஊர் டிடிபி கடைகளில் கடைக்கு ஒரு எழுத்துரு இருந்தது. இங்கே அடித்ததை அங்கே திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். 2010-ல் அரசாங்கமே யூனிகோடுக்கு வந்தது. அந்தத் தலைவலி தீர்ந்தது என்று நினைத்தோம். தீரத்தான் செய்தது. ஆனால் பெட்டியைக் கட்டியவருக்கு நம் எழுத்து தேவைப்படவில்லை, அதனால் வைக்கவில்லை. குற்றம் சொல்ல முடியாது.

எனக்கு இதில் தோன்றுவது ஒன்றே. அன்றைக்குப் புரோகிராமை மெஷினுக்குள் நுழைக்கத்தான் பாடு. நுழைந்துவிட்டால் அந்த மெஷினின் நேரம், பிரின்டர், எடைமேடை, எழுத்து எல்லாம் அதற்கும் சொந்தம். இன்றைக்குப் புரோகிராம் தன் வீட்டையே கட்டிச் சுமந்துகொண்டு வந்து இறங்குகிறது. ராசிபுரத்தில் இறங்கினாலும் ராட்டர்டாமில் இறங்கினாலும் அதற்கு ஒன்றுதான், அதுதான் அதன் பெருமையும். நாம் பட்ட பாட்டில் ஒரு பங்கும் குறையவில்லை என்று சொல்ல மாட்டேன். டிபென்டன்சி ஒழிந்ததற்கு அந்தத் திமிங்கிலத்துக்குத் தினமும் பொட்டு வைக்கலாம். ஆனால் உள்ளே இல்லாதது எது என்று பார்த்தால், அது முழுக்க நம் ஊர்ச் சமாச்சாரமாகவே இருக்கிறது.

இந்தப் பக்கத்துக் கல்லூரிகளிலும் இப்போது டாக்கர் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு கல்லூரி லேபில் போய் உட்கார்ந்திருந்தேன். அறுபது பிள்ளைகள், வெளியே போக ஒரே ஐபி முகவரி. 2020 நவம்பரிலிருந்து லாகின் செய்யாதவர்களுக்கு, இமேஜ்கள் கிடைக்கும் டாக்கர் ஹப் கிடங்கில் ஆறு மணி நேரத்துக்கு நூறு இமேஜ் என்று அளவு வைத்தார்கள். இலவசமாகப் போடுகிறவர் அளந்து போடுவது நியாயம்தான். இரண்டாவது பயிற்சியிலேயே பின் பெஞ்சுக்குப் பந்தி தீர்ந்துவிட்டது. நல்ல ஆசிரியர். இமேஜை லேப் சர்வரில் ஒரு தடவை இறக்கி வைத்து, மற்றவர்களை அங்கிருந்து எடுக்கச் சொன்னார். பத்திரிகை சிடி ஒன்றை வாங்கி, ஊரே காப்பி எடுத்துக்கொண்ட மாதிரி.

அங்கே பிள்ளைகளிடம் சொன்னதையே இங்கேயும் சொல்லி வைக்கிறேன். நம் பக்கத்து ஆபீசுக்குக் கன்டெய்னர் கட்டுகிறவர்கள் இமேஜ் கட்டும் குறிப்பான டாக்கர்ஃபைலின் ஆரம்பத்திலேயே நேரப் பட்டியலையும் ஒரு தமிழ் எழுத்துருவையும் சேர்த்துவிடுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் டிஇசட்டேட்டா, லோஹித் தமிழ் இரண்டும் தயாராகக் கிடைக்கின்றன. லாக் கோப்புக்கும் ஓர் அளவு வையுங்கள், வழக்கமான அமைப்பில் அது டிஸ்க் நிறையும் வரை வளரும். எடைமேடை இருக்கிற இடமாக இருந்தால், அந்தப் பில் புத்தகத்தைத் தூக்கிப் போட யாரையும் விடாதீர்கள்.